தேடியதேட்டமும் லிமிட்டெட் கொம்பனியும்

துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, மொப்பை எப்படிப் பிழிவது, எந்த மருந்தை எந்தத் தரைக்கு ஊற்றுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை ஒரு கிழமையில் பழகிவிடுவீர்கள். நான் சொல்லப்போவது ஒரு கோபக் கதை. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுவில் சிரிப்பும் வரும், அது என் பிறவிக் குணம். செத்த வீட்டிலும் சிரித்து அடி வாங்கியவள் நான்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தைகளை விட்டுவிடுவேன் என்று முதலே சொல்லிவிட்டாள். விடட்டும். நீங்கள் அந்த இடங்களை ஊகித்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் மொன்றியலுக்கு வந்து நான் பார்த்த முதல் வேலை டோர்வலில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் தட்டுக் கழுவுவது. எனக்கு வேலை பழக்கியவர் ஹெயிற்றி நாட்டு அம்மா ஒருவர். அவருடைய பெயர் கடைசிவரை என் வாயில் வரவில்லை. அவர் வாயில் என் பெயரும் வரவில்லை. அவர் பிரெஞ்சில் திட்டுவார், நான் தமிழில் திட்டுவேன், மத்தியானம் இரண்டு பேரும் சோற்றை மாற்றிச் சாப்பிடுவோம். மேலாளர் வந்து பின்னால் நின்று கத்தினால், அந்த அம்மா கையிலிருக்கிற தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். அதற்குள் கத்துகிறவனுக்குப் பாதி மூச்சுப் போய்விடும். நான் படித்த பல்கலைக்கழகம் அதுதான்.

றெஜினாவையும் அங்கேதான் கண்டேன். யாழ்ப்பாணத்து இளவாலைப் பிள்ளை, கத்தோலிக்கம், என்னிலும் நன்றாக இளையவள். நான் கந்தசஷ்டிக்குப் பட்டினி கிடப்பேன், அவள் தவக்காலத்துக்குக் கிடப்பாள், மற்ற நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து தின்போம். பகலில் டோர்வல், பின்னேரத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு அலுவலகக் கட்டிடம். அங்கே எங்களை வைத்திருந்த கொந்துராத்துக்காரன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். கட்டிடத்துக்குப் பொறுப்பான மதாம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, உங்கள் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, நீங்களே ஒரு கொம்பனி திறந்தால் கட்டிடத்தை உங்களிடமே தருகிறேன் என்றாள். றெஜினாவுக்குப் பிரெஞ்சு நன்றாக விளங்கும். அவள் எனக்குத் தமிழில் சொன்னபோது அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கொம்பனி திறப்பது எப்படி என்று எங்களுக்கு என்ன தெரியும்? மாஸ்டரிடம் போனோம். அவர் ஊரில் படிப்பித்தவர், பிரெஞ்சு படித்தவர், எங்கள் ஆட்களுக்கு வரிக் கடுதாசி, விசாக் கடுதாசி எல்லாம் நிரப்பிக் கொடுப்பவர். பார்க் எக்ஸ்ரென்சனில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிறு வந்தார். என் வீட்டுக்காரரும் றெஜினாவின் புருஷன் அன்ரனும் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் குசினியில் வடை சுட்டோம். கொம்பனி யாருக்காகத் திறபடுகிறதோ அவர்கள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றோம், அதை நன்றாக மனதில் வையுங்கள்.

லிமிட்டெட் கொம்பனி என்றால் அது தனி ஆள் மாதிரி, அதற்கு நட்டம் வந்தால் எங்கள் வீடு வாசலைத் தொடாது என்று மாஸ்டர் விளங்கப்படுத்தினார். நல்ல விசயம் என்றுதான் நினைத்தேன். பிறகு பங்குகளை யார் பெயரில் போடுவது என்று கேட்டார். கேட்டது ஆம்பிளைகளைப் பார்த்து. என் வீட்டுக்காரர் குசினிப் பக்கம் திரும்பி எங்களைக் கேட்டார், அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

றெஜினா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "ஆற்றை பேரிலை போட்டால் என்ன அண்ணை? தேடியதேட்டந்தானே."

நானும் ஓம் ஓம் என்றேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது விளங்காது, சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தேசவழமை என்று ஒரு சட்டம் இருக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு தேடுகிற சொத்துக்குத் தேடியதேட்டம் என்று பெயர். யார் பெயரில் இருந்தாலும் புருஷனுக்குப் பாதி, பெண்சாதிக்குப் பாதி. இது எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். ஆகவே புருஷன் பெயரில் போட்டாலும் என் பாதி எங்கே ஓடப்போகிறது என்று இருந்தோம். இவருக்கு ஒரு பங்கு, அன்ரனுக்கு ஒரு பங்கு, கடுதாசி வேலை பார்க்கிறதற்காக மாஸ்டருக்கு ஒரு பங்கு. மூன்றும் சமம். வடை நல்லாயிருக்கிறது என்றார்கள்.

கொம்பனி நன்றாக ஓடியது. ஓட்டியது றெஜினா. ஆள் பிடிப்பது, ஆட்களுக்குப் பழக்குவது, மதாமுடன் கதைப்பது, மெசின் பழுதானால் திருத்துகிறவனைத் திட்டுவது எல்லாம் அவள். டோர்வலில் ஒரு களஞ்சியத்தைத் துப்புரவாக்குகிற வேலையும் எங்களுக்குக் கிடைத்தது. ஆம்பிளைகள் மூவரும் வருடத்தில் ஒருநாள் கூடிக் கையெழுத்து வைப்பார்கள், அன்றைக்குக் கோழிக்கறி.

அன்ரன் அடிப்பான். அதை எல்லோரும் அறிவோம், யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு மாரிக்காலம் றெஜினா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோட்-டே-நேஜில் ஒரு பேஸ்மென்ற் வீட்டுக்குப் போய்விட்டாள். அடித்தபோது வராத சனமெல்லாம் அவள் போனதும் வந்தது. குடும்பத்தை உடைத்துவிட்டாள், பிள்ளைகளின் எதிர்காலம் என்ன, நீங்கள் மூத்தவர் சொல்லிச் சேர்த்து வையுங்கள் என்று எனக்கு ரெலிபோன். எனக்கு அப்போதே கை உளைந்தது, ரெலிபோனுக்குள்ளால் ஒருவரின் காதைத் திருக முடியாதே.

அன்ரன் கொம்பனிக் கூட்டம் ஒன்று கூப்பிட்டான். கூட்டம் எங்கள் வீட்டில்தான். அவன் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னான். வேலை இருக்கிற படியால்தான் அவளுக்கு இந்தத் தைரியம், வேலை போனால் வாடகை கட்ட ஏலாது, ஒரு மாதத்தில் பிள்ளைகளோடு திரும்பி வருவாள். மாஸ்டர் தலையை ஆட்டினார். குடும்பம் ஒன்றாகிறதற்கு இதுவும் ஒரு வழி என்றார். படித்த மனிதர். அப்படிச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியில் சீனி காணாது என்றும் சொன்னார்.

"றெஜினாவை வேலையாலை நிப்பாட்டுறது. சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

அன்ரன் தூக்கினான். மாஸ்டரும் தூக்கினார். என் வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஏதோ மீன் நீந்துகிற மாதிரிப் பார்த்தார். தூக்கவும் இல்லை, எதிர்த்து ஒரு சொல்லும் இல்லை.

நான் தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன், "உந்தக் கட்டிடத்திலை ஒருநாளாவது நீங்கள் ஆராவது மொப் பிடிச்சனீங்களோ?"

"பூமணி, இது பங்காளியளின்ரை கூட்டம், நீர் கோவிக்கப்படாது," என்றார் மாஸ்டர். பிறகு குரலைத் தணித்து, "றெஜினாவின்ரை இடம் இனி உமக்குத்தான். சம்பளமும் கூட்டுவம்," என்றார்.

பிள்ளைகளே, வேலையில் உங்களை வாங்கப் பார்க்கிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். அடி ஒருத்திக்கு, இனிப்பு மற்றவளுக்கு, இரண்டும் ஒரே மூச்சில். அந்த இடத்தில் அந்தத் தட்டத்தை மாஸ்டரின் மடியில் கவிழ்த்திருந்தால் எனக்கு ஒரு நிமிடம் சுகமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நானும் வேலை இல்லாமல் நின்றிருப்பேன், றெஜினாவுக்கு அதனால் ஒரு மண்ணும் கிடைத்திராது. "யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன். தலைக்கு மேல் கோபம் ஏறுகிற நேரத்தில் சொல்லத்தக்க வசனம் அது ஒன்றுதான். எல்லா மொழியிலும் பழகி வையுங்கள்.

அவர்கள் போன பிறகு இவரைக் குசினிக்குள் மறித்தேன்.

"நான் கை தூக்கேல்லைத்தானே," என்றார்.

"எதிர்த்துத் தூக்கினியளோ?"

"தூக்கினாலும் ரெண்டுக்கு ஒண்டு. தோத்திருப்பம்."

"தோக்கிறதுக்கும் ஒரு கை வேணும்," என்றேன். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், கதைக்கவில்லை. அவருக்கு அது பட்டினியிலும் கொடுமை.

றெஜினாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அவள் சிரித்தாள். "என்ரை பாதியை வைச்சு அவரை எதிர்ப்பன் அக்கா, தேடியதேட்டத்திலை அரைவாசி என்ரை," என்றாள். அந்த நம்பிக்கையோடு இரண்டு பேரும் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவளுடைய கோயில் மண்டபத்துக்குப் போனோம். சின்னக் கொம்பனி வைத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஒரு லோயர் பிள்ளை வந்து கதைக்கப் போகிறாள் என்று அறிவித்திருந்தார்கள்.

கொம்பனிச் சட்டத்தைக் கியூபெக் அரசாங்கம் புதுப்பிக்கப் போகிறது என்று கதை அடிபட்ட காலம் அது. லோயர் பிள்ளை சின்ன வயதிலேயே இங்கே வந்தவள். தமிழ் கொஞ்சம் தடக்குப்படும், ஆனால் தலைக்குள் தடக்கு இல்லை. பழைய சட்டம் மிகப் பழையது, பெரிய பங்குக்காரர் சேர்ந்து சின்னப் பங்குக்காரரை நெருக்கினால் அவர் போய் முறையிட அதில் நேரான வழி இல்லை, வரப்போகிற சட்டத்தில் அந்த வழி இருக்கும் என்றாள். மண்டபத்தில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு எழும்பிக் கேட்டேன்.

"பிள்ளை, கொம்பனியை நடத்துறது பெண்சாதி, பங்கு இருக்கிறது புருஷன்ரை பேரிலை. அவளை நிப்பாட்டினால் அவளுக்கு உந்தச் சட்டம் உதவுமோ?"

"பங்கு உங்கட பேரிலை இல்லாட்டி, அன்ரி, கொம்பனிக்கு நீங்கள் வேலையாள் மட்டுந்தான்."

தேடியதேட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பக்கத்திலிருந்த மூத்த ஆட்கள் எல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் வீடுகளிலும் அதே நம்பிக்கை. லோயர் பிள்ளை பொறுமையாகக் கேட்டாள். புருஷனும் பெண்சாதியும் பிரிகிறதென்றால் அந்தப் பாதியைப் பற்றிக் கோட்டில் வழக்காடிப் பார்க்கலாம், அதற்குக் காலம் எடுக்கும் என்றாள். "ஆனால் கொம்பனிக் கூட்டத்திலை கை தூக்கிறது ஆற்றை பேர் எழுதியிருக்கோ அவர்தான். உங்கட பாதிக்குக் கை இல்லை அன்ரி."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது சட்டத்தின் மேல், இன்றைக்கும் அது போகவில்லை. அந்தப் புதுச் சட்டம் பிறகு வந்தது. நல்ல சட்டம் என்கிறார்கள், இருக்கட்டும். எங்கள் கொம்பனியில் அது காப்பாற்றுகிற சின்னப் பங்குக்காரர் யார் தெரியுமா? என் புருஷன். கோப்பைக்குள் மீன் பார்த்தவர். சட்டம் வந்த செய்தியை மருமகள் வாசித்தபோது, உங்களுக்குப் பாதுகாப்பு வந்திட்டுது என்று அவரிடம் சொன்னேன். அவர் ரீவீயின் சத்தத்தைக் கூட்டினார். பங்குக்காரர் எல்லோரையும் நினைத்துச் சட்டம் எழுதினார்களாம். எழுதின கட்டிடத்தையும் பின்னேரத்தில் ஒருத்தி கூட்டித் துடைத்துத்தானே இருப்பாள், அவளுடைய முகத்தை ஒருவராவது நிமிர்ந்து பார்த்தார்களா? பங்கு என்றால் காசு போட்டவனுக்குத்தான் விளங்குமா, முழங்கால் தேய்ந்தவளுக்கு விளங்காதா?

மருமகள் தேத்தண்ணி தந்திருக்கிறாள். குடித்துவிட்டுத் தொடர்கிறேன்.

மண்டபத்துக்கு வெளியே பனிக்குள் நின்று றெஜினா கத்தத் தொடங்கினாள். கட்டிடத்தின் திறப்புக் கொத்தைச் சென் லோறன்ஸ் ஆற்றில் எறிவோம், மெசின்களை உடைப்போம், மதாமிடம் இன்றைக்கே போய் எல்லாவற்றையும் சொல்வோம் என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் லோயர் பிள்ளை எங்களுக்குப் பின்னாலேயே வந்து ஒரு புத்தி சொன்னாள். வேறு கொம்பனி திறக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் இந்தக் கொம்பனியில் சம்பளம் வாங்குகிற வரைக்கும் இதன் வாடிக்கையாளரைக் கூப்பிடக்கூடாது, ஒரு சாமானையும் தொடக்கூடாது. முதலில் விலகுங்கள், பிறகு கதையுங்கள்.

விலகுவதென்றால் அடுத்த மாத வாடகை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மதாம் எங்களை எடுப்பாள் என்று எந்த உறுதியும் இல்லை. றெஜினாவை அவர்கள் முதலே நிறுத்திவிட்டார்கள், மாஸ்டர் காட்டிய இடம் வேண்டாம் என்று நானும் அப்படித்தான் விலகினேன். எங்களோடு வேலை செய்த மூன்று பெண்களும் விலகினார்கள். அவர்களை நான் கேட்கவே இல்லை, தாங்களாக வந்தார்கள்.

என் கடைசி நாள் பின்னேரம் மதாம் இன்னும் போகவில்லை. அவளுக்குப் பாதி இங்கிலீசு, எனக்குக் கால், அதில் கதைத்துக்கொள்வோம். றெஜினா எங்கே, ஏன் வரவில்லை என்று கேட்டாள். பிள்ளைகளே, என் வாய்க்குள் அவ்வளவும் வந்து நின்றது. அன்ரனும் மாஸ்டரும் தேத்தண்ணியும் எல்லாம். றெஜினா இப்போது இங்கே வேலையில்லை என்றுமட்டும் சொன்னேன். ஏன் என்றாள். சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். கூட்டாளிக்காகக் கதைப்பது பெரிய காரியமில்லை, கூட்டாளிக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். எல்லாத் தரையையும் மினுக்கினேன், திறப்பைக் காவல்காரரிடம் கொடுத்துக் கையெழுத்துக்குப் பதில் பூமணி என்ற பெயருக்கு நான் கீறுகிற பூவைக் கீறிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் கட்டிடத்தைத் துப்புரவாக்க வந்தது யார்? பங்காளிகள். ஆள் கிடைக்காமல் அன்ரனும் மாஸ்டரும் தாங்களே வந்தார்கள். தரை மினுக்கும் மெசினை நீங்கள் இப்போது பழகுகிறீர்கள். கைபிடியைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒரு பக்கம் போகும், கொஞ்சம் பதித்தால் மற்றப் பக்கம் போகும், பிடித்து இழுத்தால் அது உங்களை இழுக்கும். மாஸ்டர் கழுத்துப்பட்டியோடு வந்து இறுக்கிப் பிடித்திருக்கிறார். மெசின் அவரை விறாந்தை நீளத்துக்கு ஆட வைத்து, பூச்சாடியோடு சேர்த்துச் சுவரில் சாத்தியதாம். காவல்காரர் பிறகு எனக்கு நடித்துக் காட்டினார். இதைச் சொல்லும்போது மருமகளும் எழுதுவதை விட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மதாம் அவர்களை நிறுத்தினாள். யாரும் விலை சொல்லலாம் என்றாள். நாங்களும் சொன்னோம். மேல்மாடிகள் எங்களுக்குக் கிடைத்தன, கீழ்த்தளம் வேறொரு கொம்பனிக்குப் போனது. முழுவதும் கிடைக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். புதுக் கொம்பனியில் எங்கள் ஐந்து பேருக்கும் பங்கு, அவரவர் பெயரில். இவர் சாமான் ஏற்றுகிற வானை ஓட்டுகிறேன் என்று தானாக வந்தார். ஓட்டுங்கள், மணித்தியாலச் சம்பளம் என்றேன். சரி என்றார். பழைய கொம்பனியில் அவருடைய பங்கு அப்படியே கிடந்தது. டோர்வல் களஞ்சியம் இன்னும் அவர்களிடம் இருந்தது, ஆகவே அந்தப் பங்குகளுக்கு ஒரு பெறுமதியும் இருந்தது.

அந்தப் பெறுமதியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அன்ரன் வந்தான். பனி கரையத் தொடங்கின நேரம். கட்டிடத்தின் பின்வாசலில் காத்துக்கொண்டு நின்றான். நன்றாக உடுத்து, தலை வாரி இழுத்து, குடிக்காமல் வந்திருந்தான். நானும் றெஜினாவும் பஸ்ஸால் இறங்கி வந்துகொண்டிருந்தோம்.

"றெஜினா, வீட்டை வாரும். என்ரை பங்கை முழுக்க உம்மடை பேரிலை எழுதித் தாறன். மாஸ்டர் கடுதாசி எல்லாம் செய்து தந்திட்டார். நீர் கையெழுத்து வைச்சால் சரி."

முழுவதும். பாதி அல்ல. எந்தப் பெயருக்காக நாங்கள் அவ்வளவு அவமானப்பட்டோமோ, அந்தப் பெயரை எழுதிக்கொண்டு வந்து நீட்டுகிறான். உள்ளதைச் சொல்கிறேன், வாங்கடி என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வாங்கிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று என் மூளை கணக்குப் போட்டது. நல்ல காலம், அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடுதாசியை வாங்கி முழுவதும் வாசித்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"நீங்கள் பேந்தும் கை ஓங்கினால் என்ன எண்டு இதிலை எழுதியிருக்கோ?"

அன்ரன் மாஸ்டரைத் தேடுகிறவன் மாதிரி அங்குமிங்கும் பார்த்தான். "அதெல்லாம் கொம்பனிக் கடுதாசியிலை எழுதுறேல்லை."

"அப்ப இது எனக்கு உதவாது," என்று மடித்த மாதிரியே மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ."

"வேலைக்கு நேரமாகுது, தம்பி," என்றேன்.

நான் உள்ளே போனபோது அவள் குழாயைத் திறந்துவிட்டு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாளி நிறைந்து வழிந்தும் அவளுக்குத் தெரியவில்லை. நான் எட்டிக் குழாயைப் பூட்டினேன், மருந்தை அளந்து ஊற்றினேன். அவளே சொன்னாள், "ரெண்டாம் மாடியிலை தொடங்குவம் அக்கா." வாளியின் ஒரு பக்கத்தை அவள் தூக்கினாள், மற்றப் பக்கத்தை நான் தூக்கினேன்.